சுகிஜியில் பச்சை மீன் வேண்டாம் என்றால்

புதன்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் டோக்கியோவின் சுகிஜி சந்தைக்குப் போகிறீர்கள், மனைவிக்குப் பச்சை மீன் ஆகாது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கிழமையை மாற்றுங்கள். பல கடைகளுக்கு ஞாயிறும், பெரும்பாலான புதன்களும் விடுமுறை. மற்ற நாட்களிலும் 2 மணிக்கெல்லாம் பாதிக் கடை மூடிவிடும். காலை 8 மணிக்குள் போய்விட்டால் வரிசையும் குறைவு. மீன் ஏலம் 2018லேயே டோக்கியோவின் இன்னொரு பகுதியான தொயோசுவுக்குப் போய்விட்டது. சுகிஜியில் மிச்சம் இருப்பது வெளிச்சந்தை, அதாவது பழைய ஏலச் சந்தைக்கு வெளியே இருக்கும் கடைகள். சாப்பிட அது போதும்.

மனைவிக்கு 'யாகிசகானா தெய்ஷோகு' (சுட்ட மீன் சாப்பாடு) கேளுங்கள். உப்புத் தடவிச் சுட்ட சபா மீன் (நம் கானாங்கெளுத்தி வகைதான்), தோல் கருகி எண்ணெய் மினுங்க வரும். கூடவே சோறு, மிசோ சூப், ஊறுகாய், துருவிய வெள்ளை முள்ளங்கி. அந்த முள்ளங்கியில் இரண்டு சொட்டு சோயா சாஸ் விட்டு மீனோடு சேர்த்துச் சாப்பிடச் சொல்லுங்கள், எண்ணெய்ப் பிசுக்கே தெரியாது. காரம் மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் தாராளமாக கைசெந்தோன் வாங்குங்கள், சோற்றின் மேல் பச்சை மீன் துண்டுகள்.

அப்புறம், சின்னக் கடைகளில் கார்டு எடுக்காமல் போகலாம், ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் வேண்டாம். குச்சியில் தரும் முட்டை ஆம்லெட்டை வாங்கிய கடை முன்னாலேயே நின்று சாப்பிடுங்கள். நடந்துகொண்டே தின்பது அங்கே யாருக்கும் பிடிக்காது.