அக்கா மகளுக்கு எந்த இசைப் பத்திரிகை?

கேள்வி: என் அக்கா மகள் படிவம் நான்கில் படிக்கிறாள். தமிழ்ப்பள்ளிக் காலத்திலிருந்தே கர்நாடக வயலின் கற்று வருகிறாள். தீபாவளிக்கு ஒரு நல்ல இசைப் பத்திரிகைக்குச் சந்தா கட்டித் தரலாம் என்று இருக்கிறேன். ஒரு நண்பர் ‘கிராமபோன்’தான் உலகத்திலேயே முதல் தரம் என்கிறார். இன்னொருவர் ‘ரோலிங் ஸ்டோன்’ என்கிறார். வயலின் என்றால் ‘தி ஸ்ட்ராட்’ வாங்குங்கள் என்கிறார் ஈப்போவில் வாத்தியக் கடைக்காரர். தமிழில் ஏதாவது உண்டா? எது சிறந்தது?
– ஒரு தாய்மாமன், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: மூன்று பேரிடம் விசாரித்திருக்கிறீர்கள் ஐயா. அவளுடைய வயலின் ஆசிரியரிடம் கேட்டதாக எழுதவில்லை. பரிசு முன்கூட்டியே தெரிந்துவிடக்கூடாது என்று நினைப்பது சரிதான். ஆனாலும் அவள் இப்போது எந்தக் கீர்த்தனை பழகுகிறாள், கைப்பேசியில் யாருடைய கச்சேரியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்பதையாவது அக்காவிடம் கேட்டு வையுங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

‘கிராமபோன்’ 1923-ல் காம்ப்டன் மெக்கன்சி என்ற எழுத்தாளர் பிரிட்டனில் தொடங்கியது. மேற்கத்திய செவ்வியல் இசையின் ஒலிப்பதிவுகளை அலசுவதுதான் அதன் வேலை. பீத்தோவனின் ஒரே சிம்பொனிக்கு வந்த பல பதிவுகளில் எதை வாங்குவது என்று யோசிப்பவருக்கு அது பொக்கிஷம். கர்நாடக இசையில் வர்ணம் என்ற பயிற்சி உருப்படி பழகும் பெண்ணுக்கு அதில் வேலை இல்லை. 1967-ல் அமெரிக்காவில் வந்த ‘ரோலிங் ஸ்டோன்’ ராக் இசையும் அரசியலும் கலந்தது. அதையும் விட்டுவிடுங்கள்.

‘தி ஸ்ட்ராட்’ விஷயம் அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. 1890-லிருந்து வரும் பத்திரிகை, வயலின் குடும்பத்து வாத்தியங்களுக்கென்றே நடப்பது. வயலின் எப்படிச் செய்கிறார்கள், வில்லுக்கு எந்த மரம், கம்பிகளில் என்ன வித்தியாசம் என்பதையெல்லாம் ஆழமாக எழுதுவார்கள். ஆனால் அவர்கள் வாசிப்பது நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ, வயலினைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் பிடித்து. உங்கள் பெண் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் சாய்த்து வாசிக்கிறாள். அவர்களுடைய கம்பிகள் ஜி, டி, ஏ, இ. அவளுடையவை ச, ப, ச, ப. இடது கை கழுத்தைப் பிடித்துத் தாங்க வேண்டியதில்லை என்பதால்தான் நம் முறையில் விரல் கம்பி நெடுக வழுக்கி, ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் பேசுகிறது. இடக்கை நிலை பற்றி ‘தி ஸ்ட்ராட்’ சொல்லும் யோசனையை அவள் அப்படியே பழகினால், ஆசிரியர் பல வருடம் உட்கார வைத்துத் திருத்திய கை குழம்பிப் போகும்.

பராமரிப்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். குளிர்நாட்டு வீடுகளில் ஹீட்டர் ஓடும்போது காற்று வறண்டு மரம் வெடிக்கும். அதனால் வயலின் பெட்டிக்குள் ஈரம் சேர்க்கச் சொல்வார்கள். சுங்கை சிப்புட்டில் கதை தலைகீழ். மழைக்காலத்தில் கம்பியை முறுக்கும் பிருடை உப்பி இறுகும், வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் ஒட்டுப் பசையே இளகிவிடும். இங்கே பெட்டிக்குள் போட வேண்டியது சிலிக்கா ஜெல் பொட்டலம். இதைப் புரிந்து படிக்கக்கூடிய வயது வந்தபின் ‘தி ஸ்ட்ராட்’ வாங்கிக் கொடுங்கள். இப்போது வேண்டாம்.

என் தேர்வு ‘ஸ்ருதி’. 1983-ல் என். பட்டாபிராமன் சென்னையில் தொடங்கிய மாத இதழ். இசையும் நடனமும் சேர்ந்தது, மொழி ஆங்கிலம். நடனப் பக்கங்களையும் சபாச் செய்திகளையும் அவள் புரட்டித் தள்ளிவிடலாம், பரவாயில்லை. லால்குடி ஜெயராமன், டி. என். கிருஷ்ணன், எம். எஸ். கோபாலகிருஷ்ணன் என்ற மூவரும் ஒரே வாத்தியத்தில் ஏன் இவ்வளவு வேறுபட்டு ஒலிக்கிறார்கள், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் ஒரு வெள்ளைக்கார வாத்தியத்தை எப்படி நம்முடையதாக்கினார்கள் என்ற கேள்விகள் அவளுக்குள் எழ வேண்டுமானால், இந்த உலகத்தைப் பற்றி எழுதும் பத்திரிகைதான் கையில் இருக்க வேண்டும்.

ஆனாலும் என் பேச்சை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஒரே ஒரு இதழை வாங்கி, அதில் ஒரு கச்சேரி விமர்சனத்தை நீங்களே படித்துப் பாருங்கள். பாடகரைப் பற்றி நீளமாக எழுதிவிட்டு, “வயலின் சிறப்பாகத் துணை நின்றது” என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அந்தப் பக்கம் உங்கள் பெண்ணுக்கு உதவாது. பாடகர் காம்போதி ராகத்தில் மேல் ஸ்தாயியில் நின்றபோது வயலின் பின்தொடர்ந்ததா, ஒதுங்கி வழிவிட்டதா, தன் முறை வந்தபோது புதிதாக என்ன பிடி, அதாவது ராகத்தின் எந்த ஸ்வரக்கோவை, வாசித்தது, அப்போதைக்கப்போது ஸ்வரங்களைக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரத்தில் தாளக் கணக்கைத் திருப்பிக் கொடுத்ததா என்று எழுதியிருந்தால் அது அவளுக்குப் பாடம். பக்கவாத்தியத்துக்கு எத்தனை வரி தருகிறார்கள் என்று பார்த்தே ஒரு இசைப் பத்திரிகையை நான் எடைபோடுவேன். நாளை மேடையில் பெரும்பாலும் அந்த இடத்தில்தானே அவள் உட்காரப் போகிறாள்?

தமிழில் உண்டா என்று கேட்டீர்கள். சந்தா கட்டிப் படிக்க ஒன்றைத் துணிந்து சிபாரிசு செய்ய என்னால் முடியவில்லை, அது எனக்கு வருத்தம்தான். ஆனால் 1930-களில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கி ஆனந்த விகடனில் எழுதிய இசை விமர்சனங்கள் இருக்கின்றன. ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு அதை நல்ல தமிழில் எப்படிச் சொல்வது என்று அவளுக்குக் காட்ட அவை போதும். தேடிப் பிடித்துக் கொடுங்கள், பத்திரிகையோடு சேர்த்துப் படிக்கட்டும்.

அப்புறம் பணம். ஒரு வருடத்துக்கு மேல் கட்டாதீர்கள், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் சரி. பத்திரிகைகள் திடீரென்று நின்றுபோகும்: பிரிட்டனில் 1952-லிருந்து வந்த ‘என்எம்இ’ என்ற இசைப் பத்திரிகை 2018-ல் தன் வார அச்சிதழை நிறுத்தியது. அங்கே வந்த இன்னொரு இசைப் பத்திரிகை ‘க்யூ’ 2020-ல் மூடியே விட்டது. இணையத்தில் கட்டினால், வருடம் முடிந்ததும் தானாகப் புதுப்பித்து உங்கள் கார்டிலிருந்து வெள்ளியை எடுக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அச்சு இதழ் என்றால் தோட்ட முகவரியைக் கொடுக்க வேண்டாம். தோட்ட ஆபீஸில் கிராணி (எழுத்தர்) மேசையில் மற்றக் கடிதங்களோடு இதழ் வாரக்கணக்கில் கிடக்கும். டவுனில் உங்கள் கடை முகவரியோ வேலையிட முகவரியோ கொடுங்கள். மின்னிதழ் என்றால் அவளிடம் டேப்லெட் இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பேசித் திரையில் அந்தப் பொடி எழுத்தைப் பெருக்கிப் பெருக்கிப் படித்து இரண்டாவது இதழிலேயே விட்டுவிடுவாள்.

சந்தா போகக் கையில் மிச்சமிருந்தால் ஒரு செட் கம்பியும் வில்லில் தேய்க்க ஒரு ரோசினும் வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள். எந்தக் கம்பி என்பதை மட்டும் ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.