மண்டை ஓட்டைத் திருப்பிப் பாருங்கள்: அழிந்துபோன ஊனுண்ணிப் பைப்பாலூட்டிகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் வாழ்ந்து அழிந்த தைலசின் படத்தைப் பார்த்தால் அசல் நாய் மாதிரியே இருக்கு, முதுகில் வரி மட்டும்தான் வித்தியாசம். வெறும் மண்டை ஓடு கிடைத்தால் எப்படிப் பிரிச்சுச் சொல்றது?

பதில்: முதல் வேலையாக ஓட்டைத் தலைகீழாகத் திருப்புங்கள். அண்ணத்தின் பின்பகுதியில் எலும்பே இல்லாமல் இரண்டு பெரிய திறப்புகள் தெரிந்தால் தைலசின், நாய்க்கு அந்த இடம் எலும்பால் மூடியிருக்கும். அப்புறம் பற்களை எண்ணுங்கள். மேல்தாடையில் ஒரு பக்கத்துக்கு நான்கு வெட்டுப்பற்கள் தைலசினுக்கு, நாய்க்கு மூன்றுதான். மொத்தமாக எண்ணினால் 46, நாய்க்கு 42. கீழ்த்தாடையின் பின்மூலை உள்பக்கமாக மடிந்திருக்கும், பைப்பாலூட்டிகள் பெரும்பாலானவற்றில் இதைப் பார்க்கலாம்.

எனக்கு இதையெல்லாம்விடப் பிடித்த அடையாளம் கடைவாய்ப் பற்கள். நாய்க்கு இறைச்சி வெட்ட ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு ஜோடிப் பல்தான், அதற்குப் பின்னால் உள்ளவை அரைப்பதற்கு. தைலசினுக்கு அப்படி வேலைப் பிரிவினை கிடையாது, நான்கு பின்கடைவாய்ப் பற்களும் ஏறக்குறைய ஒரே அச்சு, எல்லாமே வெட்டும். அதனால் உடைந்த தாடைத் துண்டில் அடுத்தடுத்து இரண்டு பல் மிஞ்சியிருந்தாலே பல நேரம் விடை கிடைத்துவிடும்.

கேள்வி: அப்போ அது டாஸ்மேனியன் டெவிலுக்குச் சொந்தமா, இல்லை தனி இனமா?

பதில்: இரண்டும் சரி. டெவில், க்வோல், நம்பட் போன்ற ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டிகள் எல்லாம் இருக்கும் டாஸ்யூரோமார்ஃபியா வரிசைதான், ஆனால் அதற்குள் தனிக் குடும்பம். 1808-இல் ஹாரிஸ் முதலில் விவரித்தபோது அமெரிக்கப் பைப்பாலூட்டிகளான ஒப்போசம்களின் பேரினத்தில் சேர்த்தார், 1824-இல் டெமிங்க் தைலசினஸ் என்று தனிப் பேரினம் ஆக்கினார். தென் அமெரிக்காவில் அழிந்துபோன ஊனுண்ணிகளின் பற்கள் இதனுடைய பற்களோடு அவ்வளவு ஒத்துப்போனதால், அவைதான் இதன் நெருங்கிய உறவு என்று ஒரு தரப்பு ரொம்ப காலம் வாதாடியது. 1989-இல் அருங்காட்சியக மாதிரியிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தார்கள், ஆஸ்திரேலிய உறவுகளோடுதான் சேர்ந்தது. ஒரே மாதிரி இரையை ஒரே மாதிரி வெட்டித் தின்றால் பல்லும் ஒரே மாதிரி ஆகிவிடும், வகைப்படுத்துகிறவர்கள் அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

கேள்வி: மேடம், ஆஸ்திரேலியாவில் அழிந்துபோன தைலக்கோலியோவைப் "பைச்சிங்கம்" என்கிறார்கள், இன்னொரு இடத்தில் வாம்பட்டுக்கு உறவு என்று போட்டிருக்கிறது. புல் தின்னும் வாம்பட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! ரிச்சர்ட் ஓவன் 1859-இல் இதை விவரித்துக் கொடிய வேட்டை விலங்கு என்று எழுதியபோது, அவர் காலத்து ஆட்களிலேயே சிலர் ஒப்புக்கொள்ளவில்லை. 1868-இல் ஃப்ளவர், இது தாவரம் தின்றிருக்க வேண்டும் என்றே எழுதினார். அவர் அப்படி நினைத்ததிலும் நியாயம் உண்டு, ஏனென்றால் கீழ்த்தாடையில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பெரிய வெட்டுப்பற்கள் கங்காரு, கோலா, வாம்பட் கூட்டத்தின் முத்திரை, அது டைப்ரோடோடான்ஷியா வரிசை. கொல்லும் விலங்குக்கு இருக்க வேண்டிய பெரிய கோரைப்பல் இதற்கு இல்லவே இல்லை.

ஆனால் முன்கடைவாய்ப் பல்லைப் பாருங்கள். மூன்றாவது முன்கடைவாய்ப் பல் நீண்டு ஒரே வெட்டலகாக ஆகிவிட்டது, பின்னால் உள்ள அரைக்கும் பற்கள் சுருங்கி ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விட்டன. அரைக்கும் பல்லை இழந்த மிருகம் புல்லை வைத்து என்ன செய்யும்? தாவரம் தின்ற முன்னோர் வழியில் வந்ததால் பெரிய கோரைப்பல் கிடைக்கவில்லை, முன்வெட்டுப்பற்களே குத்தும் வேலையை எடுத்துக்கொண்டன. முன்னங்காலின் கட்டைவிரலில் பெரிய நகம் வேறு. எடை 100 முதல் 130 கிலோ வரை மதிப்பிட்டிருக்கிறார்கள். இதே குடும்பத்தில், குயின்ஸ்லாந்தின் ரிவர்ஸ்லேயில் கிடைத்து 2016-இல் விவரிக்கப்பட்ட மைக்ரோலியோ சுமார் 600 கிராம்தான். உடல் அளவை வைத்துக் குடும்பம் பிரிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கேள்வி: தைலக்கோஸ்மைலஸ் என்பது பைப்பாலூட்டி வாள்பல் புலிதானே?

பதில்: புலியும் இல்லை, கறாராகச் சொன்னால் பைப்பாலூட்டியும் இல்லை. ஸ்பாராசோடான்டா என்ற தென் அமெரிக்கக் கிளை, பைப்பாலூட்டிகளுக்குப் பங்காளி. அர்ஜென்டினாவின் கட்டமார்காவில் எடுத்த எலும்புகளை வைத்து 1933-இல் ரிக்ஸ் பெயர் வைத்தார். அதன் வாள்பல்லின் வேர் மூடாது, வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், நிஜ வாள்பல் பூனையான ஸ்மைலோடனுக்கு அப்படி இல்லை. ஸ்மைலோடன் வந்து இதை விரட்டியது என்ற கதையை விட்டுவிடுங்கள், அது தென் அமெரிக்காவுக்கு வருவதற்கு முன்பே இது அழிந்துவிட்டது.

கேள்வி: ஒரே ஒரு பல்லை வைத்துப் புதுச் சிற்றினம் அறிவிக்கிறார்களே, இது நியாயமா?

பதில்: சரியான பல்லாக இருந்தால் நியாயம்தான். பெயரைத் தாங்கும் மூல மாதிரி ஒன்று அருங்காட்சியகத்தில் எண்ணோடு இருக்க வேண்டும், நெருங்கிய உறவுகளிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். "பெரியது" என்று மட்டும் எழுதினால் நான் நம்ப மாட்டேன். தைலசினையே எடுத்துக்கொள்ளுங்கள், 2020-இல் செய்த கணக்கில் ஆண் சராசரி 20 கிலோவை ஒட்டியும் பெண் 14 கிலோவை ஒட்டியும் வந்தது. இரண்டின் எலும்பும் தனித்தனியாகக் கிடைத்திருந்தால் அவசரப்பட்ட ஒருவர் இரண்டு பெயர் வைத்திருப்பார்.

கேள்வி: தைலசின் இன்னும் காட்டில் எங்காவது இருக்க வாய்ப்பு இருக்கா?

பதில்: இல்லை. 1888 முதல் 1909 வரை டாஸ்மேனிய அரசே தலைக்குக் காசு கொடுத்தது, இரண்டாயிரத்துக்கும் மேல் கணக்கில் வந்தன. 1936 ஜூலையில் பாதுகாப்புச் சட்டம் வந்து 59 நாளில், செப்டம்பர் 7 அன்று, ஹோபார்ட் மிருகக்காட்சி சாலையில் இருந்த கடைசி விலங்கு செத்துப்போனது. இதை எழுதும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது.

கேள்வி: அக்கா, என் பையன் பள்ளிக்கூடத்துக்காகத் தைலக்கோலியோ வரைகிறான். வாலை எப்படி வரையச் சொல்வது?

பதில்: தடியாக, விறைப்பாக வரையச் சொல்லுங்கள், பூனை வால் வேண்டாம். நரகூர்ட், நல்லார்பர் குகைகளில் கிடைத்த எலும்புகளை வைத்து 2018-இல் வெல்ஸும் கேமன்ஸும் முழு எலும்புக்கூட்டை விவரித்தபோதுதான் வாலின் வடிவம் தெளிவானது. பின்னங்கால்களோடு வாலையும் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னங்கால்களால் இரையைக் கையாண்டிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அந்தத் தோரணையிலேயே வரையட்டும், கட்டைவிரல் நகமும் நன்றாகத் தெரியும். நிறத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை தம்பி, அவன் இஷ்டப்படி பூசட்டும்.