பழைய வீடு, பழைய பெயிண்ட், ஈயம்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: மயிலாப்பூரில் 1972-இல் கட்டிய வீட்டை விலை பேசி வைத்திருக்கிறோம். சுவர் முழுக்க ஈயம் இருக்குமா சார்?

பதில்: சுவரை அப்புறம் பார்க்கலாம். அந்தக் காலத்துச் சுவர்களில் பெரும்பாலும் சுண்ணாம்பும் டிஸ்டம்பரும்தான். கதவு, ஜன்னல், கிரில், மாடிப்படிக் கைப்பிடி என்று எனாமல் ஏறிய இடங்களைப் பாருங்கள். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்றால் சந்தேகம் கூடும். அந்த நிறங்களுக்கு ஈயக் குரோமேட் நிறையப் புழங்கியது. மேலே போன வருஷம் அடித்த வெள்ளையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஓரத்தில் பிளேடால் கீறினால் வெள்ளைக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே மஞ்சள் என்று வீட்டின் ஜாதகமே தெரியும்.

கேள்வி: எங்கள் வீடு 2010-இல் கட்டியது. கவலை இல்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற கட்டாய விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் அமலானது.

கேள்வி: ஈயம் இருக்கிறதா என்று பார்க்க ஆன்லைனில் விற்கும் கிட் போதுமா? தடவினால் சிவப்பாகுமாமே.

பதில்: சிவப்புக் கதவில் தடவிவிட்டு என்னத்தைக் கண்டுபிடிப்பீர்கள்? எல்லா அடுக்கும் சேர்ந்து வருகிற மாதிரி மரம் வரை சுரண்டி, சில்லுகளைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுங்கள். எக்ஸ்ரே பாய்ச்சி ஈயத்தை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி கிடைத்தால் சுரண்டவே வேண்டாம்.

கேள்வி: நியூஜெர்சியில் 1965 வீடு வாங்குகிறோம் அண்ணா.

பதில்: அங்கே 1978-க்கு முந்தைய வீடென்றால் தனக்குத் தெரிந்த ஈய விவரத்தை விற்பவர் எழுதித் தந்தாக வேண்டும். சோதித்துப் பார்க்க 10 நாள் அவகாசமும் உண்டு. விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நாளை பெயிண்டர் வருகிறார். ஜன்னலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம் என்கிறார். இரண்டு வயசுக் குழந்தை இருக்கிறது.

பதில்: நாளைக்கு வேண்டாம் என்று இப்போதே போன் பண்ணுங்கள். உரியாமல் கிடக்கிற பெயிண்டை விடத் தேய்த்த தூள்தான் ஆபத்து. பழைய ஜன்னலைத் திறந்து மூடும்போதே கதவு சட்டத்தில் உரசி, கீழ்ப் பள்ளத்தில் மாவு மாதிரி சேரும். குழந்தை கம்பியைப் பிடித்து நின்று அதைத் தொட்டு, அதே விரலை வாயில் வைக்கும். சோதனை முடிவு வந்தபின் வேலையைத் தொடங்குங்கள். அன்று குழந்தை பாட்டி வீட்டில் இருக்கட்டும். தண்ணீர் தெளித்து ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும். புளோ லேம்ப் வைத்து எரிக்கவே கூடாது. தரையில் பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். முடிந்ததும் விளக்குமாறை எடுக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் தாளோடு சேர்த்துக் கட்டிப் போடுங்கள். பெயிண்டருக்கும் நல்ல மாஸ்க் கொடுங்கள், கைக்குட்டை போதாது. ஏற்கனவே கொஞ்சம் தேய்த்தாயிற்று என்றால், குழந்தைக்கு ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.