கார்டு மெஷின் கட்டணம்: வாடகை இல்லாத மெஷின் உண்மையிலேயே மலிவா?

கேள்வி: கும்பகோணத்தில் பித்தளை, வெண்கலப் பாத்திரக் கடை நடத்துகிறேன். ஆண்டு விற்றுமுதல் ஏறத்தாழ 80 லட்சம் ரூபாய். ஜிஎஸ்டி பதிவு உண்டு. வங்கி கொடுத்திருக்கும் கார்டு மெஷினுக்கு மாத வாடகை 500 ரூபாய். கிரெடிட் கார்டுக்கு 1.9 சதவீதம் பிடிப்போம் என்றார்கள். ஆனால், 10,000 ரூபாய் பில்லுக்கு மறுநாள் என் கணக்கில் வந்தது 9,775 ரூபாய் 80 காசுதான். இப்போது வேறொரு நிறுவனத்தின் பிரதிநிதி வந்து, ‘வாடகையே கிடையாது, எந்தக் கார்டாக இருந்தாலும் 1.75 சதவீதம்தான்’ என்கிறார். மாறிவிடலாமா? அக்கம்பக்கத்துக் கடைகளில் கார்டு என்றால் 2 சதவீதம் கூடுதலாகக் கேட்டு வாங்குகிறார்கள். நானும் அப்படி வாங்கலாமா?

பதில்: முதலில் அந்த 224 ரூபாய் 20 காசு எங்கே போனது என்பதைப் பார்த்துவிடுவோம். 10,000 ரூபாயில் 1.9 சதவீதம் என்பது 190 ரூபாய். இது வங்கி உங்களுக்குச் செய்யும் சேவைக்கான கட்டணம் என்பதால், இதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்கிறது. அது 34 ரூபாய் 20 காசு. ஆக, வங்கி சொன்ன விகிதத்தைத்தான் பிடித்திருக்கிறது. ஜிஎஸ்டி தனி என்பதை வாயால் சொல்லாமல் விட்டிருப்பார்கள். ஒப்பந்தப் படிவத்தில் அது நிச்சயம் இருக்கும்.

இந்த 34 ரூபாய் 20 காசு உங்களுக்கு நஷ்டமாக வேண்டியதில்லை. நீங்கள் வழக்கமான முறையில் ஜிஎஸ்டி கட்டுபவராக இருந்தால், இதை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மெஷின் கொடுத்த வங்கியிடம் உங்கள் ஜிஎஸ்டி எண் பதிவாகியிருக்க வேண்டும், மாதாமாதம் அந்த எண்ணுக்கு அவர்கள் வரி விலைப்பட்டியல் போட வேண்டும், அது உங்களுக்குக் கிடைக்கக் கூடிய வரி வரவுகளைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் தெரிய வேண்டும். கடைக்காரர் கவனிக்காமல் விட்டால் ஆண்டு முழுக்க இந்த வரவு கைநழுவிப் போகும். இன்றைக்கே உங்கள் கணக்காளரிடம் கேட்டுப் பாருங்கள். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வரவு கிடையாது; அவர்களுக்கு 1.9 சதவீதம் என்பது உண்மையில் 2.24 சதவீதம்.

கார்டு வழியாக வரும் 2,000 ரூபாய் வரையிலான ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும், வங்கி பிடிக்கும் கட்டணத்தின்மேல் ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பேமென்ட் அக்ரிகேட்டர் நிறுவனங்களுக்கும் (கடைகளுக்காகப் பணத்தை வசூலித்துக் கொடுக்கும் இடைநிலை நிறுவனங்கள்) இந்த விலக்கு பொருந்தும் என்று 2024 டிசம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவுபடுத்தியது. ஆகவே, 1,500 ரூபாய்க்கு ஒருவர் கிரெடிட் கார்டில் குத்துவிளக்கு வாங்கினால், 28 ரூபாய் 50 காசுக்கு மேல் பிடிக்கக் கூடாது.

இனி, அந்த 190 ரூபாய் யாருக்குப் போகிறது என்பதைப் பார்ப்போம். மாறலாமா என்ற உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. இந்தக் கட்டணத்தை வங்கிக்காரர்கள் எம்டிஆர் என்று குறிப்பிடுவார்கள். இதை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பெரும்பங்கு, வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. கிரெடிட் கார்டுக்காரருக்கு வட்டியில்லாமல் கிடைக்கும் ஒன்றரை மாதம் வரையிலான அவகாசமும் ரிவார்டு புள்ளிகளும் பெருமளவு இந்தப் பங்கிலிருந்தே ஈடுகட்டப்படுகின்றன. ஒரு சிறு பங்கு விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்புக்குச் செல்கிறது. மீதி, உங்களுக்கு மெஷின் கொடுத்த வங்கிக்கோ நிறுவனத்துக்கோ சேர்கிறது. நீங்கள் பேரம் பேசக் கூடியது இந்த மூன்றாவது பங்கில் மட்டுமே. முதல் இரண்டும் கார்டின் வகையைப் பொறுத்து முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டவை. நிறுவனங்களின் பெயரில் கொடுக்கப்படும் வணிகக் கார்டுகளுக்கும், வெளிநாட்டுக் கார்டுகளுக்கும், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போன்றவற்றுக்கும் கட்டணம் கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம். நாச்சியார்கோவில் விளக்கு வாங்க வெளிநாட்டுப் பயணிகள் உங்கள் கடைக்கு வருவதுண்டு என்றால், அந்தக் கார்டுகளுக்கான விகிதத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

கிரெடிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதுவும் விதிக்கவில்லை. டெபிட் கார்டுக்கு விதித்திருக்கிறது. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்த விதியின்படி, முந்தைய நிதியாண்டில் 20 லட்சம் ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள கடைகளில் டெபிட் கார்டுக்கு 0.40 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்தான் உச்சம். உங்களைப் போல அதற்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 0.90 சதவீதம், உச்சம் 1,000 ரூபாய். ரூபே டெபிட் கார்டுக்கு 2020 ஜனவரி 1 முதல் இந்தக் கட்டணமே கிடையாது. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக வரும் யுபிஐ தொகைக்கும் அப்படித்தான்.

இப்போது அந்தப் பிரதிநிதியின் பேச்சை மறுபடி படித்துப் பாருங்கள். ‘எந்தக் கார்டாக இருந்தாலும் 1.75 சதவீதம்’ என்கிறார். கிரெடிட் கார்டுக்கு அது உங்கள் வங்கியின் விகிதத்தைவிடக் குறைவு. டெபிட் கார்டுக்கோ சட்டப்படி பிடிக்கக் கூடிய உச்சத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ரூபே டெபிட் கார்டுக்கு எதையுமே பிடிக்க முடியாது. ஆகவே, அவர் சொன்னது எழுத்தில் அப்படியே இருந்தால் அந்த ஒப்பந்தம் விதிகளுக்குப் புறம்பானது. எழுத்தில் வேறு மாதிரி இருந்தால், எப்படி இருக்கிறது என்பதை நீங்கள் பார்த்தாக வேண்டும்.

இதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்ப்போம். உங்கள் கடையில் மாதம் 2 லட்சம் ரூபாய் கார்டில் வருகிறது என்றும், அதில் கிரெடிட் கார்டில் 1 லட்சம், விசா, மாஸ்டர்கார்டு டெபிட் கார்டுகளில் 60,000, ரூபே டெபிட் கார்டில் 40,000 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டியை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. வங்கி மெஷினில் கிரெடிட் கார்டுக்கு 1,900 ரூபாய், டெபிட் கார்டுக்கு 0.90 சதவீதப்படி 540 ரூபாய், ரூபேக்கு ஒன்றுமில்லை. வாடகை 500 ரூபாயையும் சேர்த்தால் 2,940 ரூபாய். அதாவது, கார்டு விற்பனையில் 1.47 சதவீதம். புதிய நிறுவனம் சொன்னபடியே எல்லாவற்றுக்கும் 1.75 சதவீதம் பிடித்தால் 3,500 ரூபாய். வாடகை இல்லாமலேயே மாதம் 560 ரூபாய் கூடுதலாகிறது. ஆனால், அதே நிறுவனம் ‘1.75 சதவீதம் கிரெடிட் கார்டுக்கு மட்டும். டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி’ என்று எழுதிக் கொடுத்தால், செலவு 1,750 ரூபாயும் 540 ரூபாயும் சேர்ந்து 2,290 ரூபாய்தான். மாதம் 650 ரூபாய் மிச்சம். நீங்கள் மாறுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது ஒப்பந்தத்தில் உள்ள இந்த ஒரு வரிதான்.

கார்டுகளின் கலவை மாறினால் முடிவும் மாறும். அந்த 2 லட்சமும் கிரெடிட் கார்டிலேயே வருவதாக இருந்தால், வங்கிக்கு 4,300 ரூபாய், புதிய நிறுவனத்துக்கு 3,500 ரூபாய் என்று கணக்கு தலைகீழாகிவிடும். உங்கள் தொழிலில் இது வெறும் கற்பனையல்ல. தை, வைகாசி முகூர்த்தங்களில் சீர்வரிசைக்கு மொத்தமாகப் பாத்திரம் எடுப்பவர்கள் பெரிய பில்லைக் கிரெடிட் கார்டில் கொடுப்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் சில்லறை விற்பனைதான் இருக்கும். ஆகவே, ஒரே ஒரு மாதத்தின் ஸ்டேட்மென்ட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். முகூர்த்த மாதம் ஒன்று, மந்தமான மாதம் ஒன்று என்று குறைந்தது இரண்டையாவது எடுத்து, கார்டு வகைவாரியாகப் பிரித்துக் கூட்டிப் பாருங்கள். வங்கி தரும் மாதாந்தர அறிக்கையில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் பிடித்த தொகை தனித்தனியாக இருக்கும். டெபிட் கார்டுக்கு 0.90 சதவீதத்துக்கு மேல் பிடித்திருந்தால், வங்கிக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்துத் திரும்பக் கேளுங்கள்.

வாடகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதம் 2 லட்சம் ரூபாய் விற்பனையில் 500 ரூபாய் வாடகை என்பது கால் சதவீதம்தான். கார்டு விற்பனை 20,000 ரூபாய் மட்டுமே உள்ள கடைக்கு அதே வாடகை 2.5 சதவீதமாகிறது, கட்டணத்தைவிட வாடகையே பெரிய சுமை. அப்படிப்பட்ட சிறு கடைகளுக்கு வாடகையில்லா மெஷின் உண்மையிலேயே நல்லது. ஆனால், ‘மாதம் இவ்வளவு ரூபாய்க்குக் குறையாமல் பரிவர்த்தனை நடந்தால் மட்டுமே வாடகை இல்லை’ என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவுக் கட்டணம், ஆண்டுப் பராமரிப்பு, தாள் சுருள், குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் ஆகியவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

யுபிஐ முற்றிலும் இலவசம் என்று எண்ணிவிட வேண்டாம். யுபிஐக்காக நீங்கள் வைத்திருக்கும் அதே க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து, ரூபே கிரெடிட் கார்டிலிருந்து பணம் அனுப்பும் வசதி 2022 முதல் இருக்கிறது. சிறு வணிகர்களுக்கு 2,000 ரூபாய் வரை இதில் விலக்கு உண்டு. மற்றபடி கிரெடிட் கார்டைப் போலக் கட்டணம் பிடிக்கப்படும். யுபிஐயில் வந்த தொகை ஏன் குறைந்தது என்ற குழப்பத்துக்கு அநேகமாக இதுதான் காரணம். வாலெட்டிலிருந்து யுபிஐ வழியே வரும் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைகளுக்கும் 2023 ஏப்ரல் முதல் பரிமாற்றக் கட்டணம் உண்டு. பணம் வந்ததைக் குரலில் அறிவிக்கும் ஒலிபெட்டி வைத்திருந்தால், அதன் மாத வாடகையையும் செலவில் சேருங்கள்.

அடுத்து, வாடிக்கையாளரிடம் 2 சதவீதம் கூடுதலாக வாங்குவது. வாங்காதீர்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. டெபிட் கார்டுக்கான கட்டணத்தைக் கடைக்காரர் வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ளும்படி ரிசர்வ் வங்கி 2017 டிசம்பர் சுற்றறிக்கையிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கிரெடிட் கார்டைப் பொறுத்தவரை, நீங்கள் கையெழுத்திட்ட வணிகர் ஒப்பந்தத்திலேயே இதற்குத் தடை இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஒரு வாடிக்கையாளர் புகார் கொடுத்தாலும் வங்கி மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ரூபே டெபிட் கார்டு கொடுப்பவரிடம் 2 சதவீதம் வாங்குவது, உங்களுக்கு ஆகாத செலவுக்கு அவரிடம் காசு வாங்குவதாகும். இதை நான் நியாயம் என்று ஏற்கவே மாட்டேன். செலவைக் குறைக்க நேரான வழி இருக்கிறது. கல்லாவின் முன்னால் க்யூஆர் அட்டை கண்ணில் படும்படி இருக்கட்டும். பெரும்பாலானவர்கள் தாமாகவே அதில் செலுத்துவார்கள். மீதமுள்ள ஒன்றரை சதவீதச் செலவு, கடை வாடகையையும் மின்கட்டணத்தையும் போல விலை நிர்ணயத்துக்குள் அடங்க வேண்டியது.

வருமான வரியில் இதற்கு ஓரளவு ஈடும் உண்டு. கணக்குப் புத்தகங்கள் பராமரிக்காமல் உத்தேச வருமானத் திட்டத்தில் வரி கட்டுபவர்கள், ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தை வருமானமாகக் காட்ட வேண்டும். கார்டு, யுபிஐ போன்ற வழிகளில் வங்கிக்கு வந்த தொகைக்கு 6 சதவீதம் காட்டினால் போதும். ஆண்டுக்கு 24 லட்சம் கார்டில் வந்தால், வரிக்குரிய வருமானம் 48,000 ரூபாய் குறையும். இந்தத் திட்டத்தில் கார்டு கட்டணத்தைத் தனிச் செலவாகக் கழிக்க முடியாது. புத்தகங்கள் பராமரிப்பவர்கள் கழிக்கலாம்.

கணக்கெழுதும்போது, வங்கியில் வந்த 9,775 ரூபாய் 80 காசை விற்பனையாக எழுதக் கூடாது. விற்பனை 10,000 ரூபாய்தான்; ஜிஎஸ்டியும் அந்த முழுத் தொகைக்கே. 190 ரூபாய் செலவுக் கணக்கிலும் 34 ரூபாய் 20 காசு வரி வரவிலும் சேர வேண்டும்.

பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பவர்கள் விஷயத்திலும் கவனம் தேவை. அன்றைய கணக்கை மெஷினில் முடிப்பதற்கு முன்பே வாடிக்கையாளர் மனம் மாறினால், அந்தப் பரிவர்த்தனையை ‘வாய்டு’ (ரத்து) செய்துவிடுங்கள், கட்டணம் ஏற்படாது. அடுத்த நாள் ‘ரீஃபண்ட்’ செய்தால், முதலில் பிடித்த கட்டணம் பல ஒப்பந்தங்களில் திரும்பி வருவதில்லை. வட்டியில்லாத் தவணை வசதியை மெஷினில் சேர்த்துத் தருகிறோம் என்றால், அந்த வட்டியை யார் ஏற்பது என்று கேளுங்கள். உங்கள் தொழிலில் அந்த வட்டியில் பங்கை ஏற்கப் பெரிய பிராண்டு நிறுவனம் இல்லாதபோது, அது உங்கள் தலையில்தான் விழும்.

கடைசியாக, புதிய நிறுவனம் விகிதங்களைக் கார்டு வகைவாரியாக எழுதிக் கொடுத்து, உங்கள் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டதில் லாபம் தெரிந்தால், அந்தத் தாளை முதலில் உங்கள் வங்கிக் கிளையில் காட்டுங்கள். நடப்புக் கணக்கைக் காப்பாற்றிக்கொள்ள, அவர்களே வாடகையைத் தள்ளுபடி செய்யவோ கிரெடிட் கார்டு விகிதத்தைக் குறைக்கவோ முன்வரக் கூடும். அவர்கள் மறுத்து நீங்கள் மாறுவதானால், பழைய மெஷினைக் கல்லாவுக்கு அடியில் போட்டுவிடாமல், அதன் எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்து, ஒப்படைத்ததற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாதவரை மாதம் 500 ரூபாய் உங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும்.