கொலுசுப் பட்டறைக் கழிவைப் பாதாளச் சாக்கடையில் விடலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சிறிய வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறோம். முலாம் பூசும் வேலையும் உண்டு. இப்போது பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைத்திருக்கிறது. அலசிய நீரில் நிறையத் தண்ணீர் கலந்து அதில் விட்டுவிடலாம் என்கிறார் பக்கத்துப் பட்டறைக்காரர். அப்படிச் செய்யலாமா? செலவு குறைந்த வழி வேறு உண்டா?

பதில்: செய்யக் கூடாது. முலாம் கரைசலில் இருக்கும் சயனைடு கொடிய நஞ்சு; தண்ணீர் கலந்தால் அது அழியாது. கணக்குப் போட்டே பாருங்கள். முலாம் பூசும் தொழிலுக்கென உள்ள தரத்தின்படி, வெளியேறும் கழிவுநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் சயனைடுதான் இருக்கலாம். 1 கிராம் சயனைடை அந்த அளவுக்குக் கொண்டுவர 5,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். முலாம் தொட்டியிலிருந்து தூக்கிய கொலுசுச் சரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் சில கரண்டிக் கரைசலிலேயே அந்த 1 கிராம் போய்விடும். கோடையில் குடிநீருக்கே குடத்தோடு காத்திருக்கும் ஊரில் இது நடக்கிற காரியமா? அளவைக் காட்டுவதற்காக நீர் கலப்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஏற்காது.

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் பொதுச் சாக்கடைக்கான பொதுத் தரம் சயனைடுக்கு 2 மில்லிகிராம் வரை இடம் தருகிறதே என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். முதலில், உங்கள் தொழிலுக்குத் தனித் தரம் இருக்கும்போது பொதுத் தரத்தைக் காட்ட முடியாது. அடுத்து, பொதுச் சாக்கடைக்கான அந்தத் தளர்வே, சாக்கடை நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான். தெருவோரத் திறந்த சாக்கடையில் விட்டால் அது ஆற்றில் விட்டதாகவே கணக்கு. சேர்வராயன் மலையில் பிறந்து நம் நகரத்தின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் கலக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்துக்கே போனாலும் நிம்மதி இல்லை. அங்கே கழிவைத் தின்று நீரைத் தெளிய வைப்பவை நுண்ணுயிர்கள். வெள்ளியும் சயனைடும் அவற்றைக் கொன்றுவிடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது வேறொன்று. வெள்ளியைக் கரைக்கவும் சுத்தம் செய்யவும் நைட்ரிக் அமிலம் பயன்படுத்துகிறார்கள். உங்கள் குழாயில் சயனைடு, பக்கத்துக் குழாயில் அமிலம். இரண்டும் ஒரே ஆள்நுழைகுழியில் சந்தித்தால் ஹைட்ரஜன் சயனைடு என்ற, ஆளைக் கொல்லும் வாயு கிளம்பும். அதன் வாசனை சிலருக்குத் தெரியவே தெரியாது. அடைப்பு எடுக்க மனிதரைக் குழிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் இறக்குகிறார்கள், சாகிறார்கள். அப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சுத்திகரிக்காத உங்கள் பட்டறைக் கழிவு அந்தக் குழிக்குப் போகவே கூடாது.

செலவு குறைந்த வழி, கழிவைக் குறைப்பதில் தொடங்குகிறது. கரைசலிலிருந்து தூக்கிய சரத்தை உடனே அலசாதீர்கள். தொட்டிக்கு மேலேயே ஒரு கம்பியில் மாட்டி, சொட்டு நிற்கும் வரை தொங்க விடுங்கள். வடிவது உங்கள் வெள்ளிதான். பிறகு, ஓடும் குழாய்க்குப் பதிலாக, தண்ணீர் நிரப்பிய ஒரு தனித் தொட்டியில் முதல் அலசல். கரைசல் தொட்டியில் நீர் ஆவியாகிக் குறையும்போது அந்த அலசல் நீரையே ஊற்றி நிரப்பலாம். இதிலேயே நஞ்சின் பெரும்பகுதி வெளியேறாமல் நின்றுவிடும். பூந்திக்கொட்டை நீரில் தேய்த்துக் கழுவும் தண்ணீரை இதனுடன் கலக்காமல் தனியாக வையுங்கள்.

மீதமுள்ள சயனைடு அலசலைப் பிளாஸ்டிக் தொட்டியில் சேருங்கள். இரும்பு வேண்டாம், இரும்போடு சேர்ந்த சயனைடைக் குளோரினால் உடைக்க முடியாது. காஸ்டிக் சோடாவால் காரத்தன்மையை (பி.எச். அளவை) 10.5க்கு உயர்த்திய பிறகே, சயனைடை உடைக்கும் குளோரின் கரைசலான சோடியம் ஹைப்போகுளோரைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். பி.எச். தாளில் அளவைப் பார்க்காமல் ஊற்றவே கூடாது. காரம் குறைந்தால் சயனோஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வரும். பொட்டாசியம் அயோடைடு மாவுத் தாள் நீலமானால் குளோரின் மிச்சம் இருக்கிறது என்று அறியலாம். வெள்ளியோடு பிணைந்த சயனைடு மெதுவாகத்தான் உடையும், அவசரப்படாதீர்கள். அது உடைந்து முடிந்த பிறகே காரத்தை 8.5க்கு இறக்கி, மறுபடியும் ஹைப்போகுளோரைட் சேர்க்க வேண்டும். இதைக் காற்றோட்டமான இடத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் மேற்பார்வையில் மட்டும் செய்யுங்கள். அலசல் நீருக்கு மட்டுமே இது பொருந்தும். பழசாகிப்போன கரைசலை இப்படிக் கையாள வேண்டாம்; அதை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து வெள்ளியை மீட்டுக்கொள்ளுங்கள்.

தெளிந்த நீரைச் சோதனைச் சாலைக்கு அனுப்பி, முடிவு வந்த பின்பே இணைப்பைப் பற்றிப் பேசலாம். அடியில் தங்கும் கசடு அபாயகரக் கழிவு. அதைக் குப்பை வண்டியில் போடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் விதிப்படி 90 நாட்களுக்கு மேல் வைத்திருக்காமல், கும்மிடிப்பூண்டியில் இருப்பதைப் போன்ற அனுமதி பெற்ற நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

காகித வேலையையும் சொல்லிவிடுகிறேன். 1974ஆம் ஆண்டின் நீர் (மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தின்படி நிறுவவும் இயக்கவும் வாரியத்தின் இசைவாணை தேவை. மாநகராட்சி தந்த சாக்கடை இணைப்பு அதற்கு ஈடாகாது. மீறினால் 33ஏ பிரிவின் கீழ் பட்டறையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு.

தனியாக இவ்வளவும் செய்வது சிறிய பட்டறைக்குப் பாரம் என்பது எனக்குத் தெரியும். தெருவிலுள்ள பட்டறைகள் சேர்ந்து ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கேட்டு, மாவட்டத் தொழில் மையத்திலும் வாரியத்தின் சேலம் அலுவலகத்திலும் மனுக் கொடுங்கள். அதற்கு முன்னால், பக்கத்துப் பட்டறைக்காரரிடம் அமிலத்தை எங்கே ஊற்றுகிறார் என்று இன்றைக்கே கேளுங்கள்.