தென்காசிப் பக்கம் குடியேற நினைப்பவர்களுக்கு: கேள்வி பதில்

சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களை விட்டுத் தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, கடையம் பக்கம் வந்து குடியேற விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் பத்திர எழுத்தராகத் தொழில் செய்தவன். ஆகவே நிலம், வாடகை, ஆவணம் பற்றிய கேள்விகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் இருக்கும்.

ஆவடியிலிருந்து: ஜூலையில் குற்றாலம் வந்து சில நாள் தங்கினோம். சாரலும் குளிர்ந்த காற்றும் மனத்தைக் கவர்ந்துவிட்டன. ஓய்வுக்காலத்துக்கு இலஞ்சியில் ஒரு மனை பேசியிருக்கிறோம். முடித்துவிடலாமா?

முடிக்க வேண்டாம். முதலில் ஓராண்டு வாடகைக்கு இருங்கள். நீங்கள் பார்த்தது ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான பருவத்தை மட்டுமே. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வருவதால் அந்த மாதங்களில் இங்கே சாரல் விழுகிறது. ஏப்ரலிலும் மேயிலும் இதே ஊரில் வெயில் கொளுத்தும். கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் பக்கம் போகப்போகச் சாரல் குறைந்துகொண்டே போய், காற்றாலைகளைச் சுழற்றும் வறண்ட காற்றுதான் மிஞ்சும். ‘தென்காசிக்கு அருகில்’ என்று விளம்பரம் செய்யப்படும் மனைகளில் பல அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. மேலும், நீங்கள் ரசித்த அதே பருவத்தில், உள்ளூரில் குடியிருப்பவர் காய்கறி வாங்கப் போவதற்கே சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்துதான் செல்ல வேண்டும்.

வேளச்சேரியிலிருந்து: பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது. வில்லங்கச் சான்றிலும் எதுவும் இல்லை. இவை போதுமா?

போதாது. இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் தேவை.

வில்லங்கச் சான்று என்பது பதிவு அலுவலகத்தின் முதல் புத்தகத்தில் ஏறிய ஆவணங்களின் பட்டியல் மட்டுமே. உயில் மூன்றாம் புத்தகத்தில் பதிவாவதால், அது பதிவு செய்யப்பட்ட உயிலாகவே இருந்தாலும் வில்லங்கச் சான்றில் தெரியாது. வாய்மொழிப் பாகப்பிரிவினையும், பதிவு செய்யாத விற்பனை உடன்படிக்கையும், வாரிசுகளுக்குள் நடக்கும் பல வழக்குகளும் அதில் வருவதில்லை. இங்குள்ள சொத்துகளில் பெரும்பகுதி பூர்வீகச் சொத்து. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தமும் 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தமும் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை அளித்துள்ளன. அப்படியிருந்தும் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு விற்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அக்காள் தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரம் இருக்கிறதா, அல்லது அவர்களும் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்களா என்று கேளுங்கள். “அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்” என்று விற்பவர் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

செங்கோட்டைப் பக்கம் வாங்குவோருக்கு இன்னொரு செய்தி உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் வழிவந்த ஆட்சியில் இருந்தது. எனவே சொத்து முன்பு கைமாறியபோது எழுதிய பழைய மூலப்பத்திரங்களில் தேதி, கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். மலையாளத்தில் எழுதிய ஆவணங்களும் வரலாம். ‘பழைய தாள், யாருக்கும் படிக்கத் தெரியாது’ என்று அதை ஒதுக்கிவிடாமல், படிக்கத் தெரிந்தவரைத் தேடிப் பிடித்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பட்டாவைப் பொறுத்தவரை, அது கூட்டுப் பட்டாவா தனிப் பட்டாவா என்பதையும், உட்பிரிவு ஆகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தை வாங்கி, நில அளவையரை வைத்து எல்லையை அளந்து பாருங்கள். கோயில் நிலமும், பட்டியல் சாதியினருக்கென அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலமும் மலிவாகக் கிடைப்பதுபோலத் தோன்றும். அந்த மலிவுக்குக் காரணம் இருக்கிறது.

பெங்களூருவிலிருந்து: வீட்டிலிருந்து கணினி வேலை செய்பவன் நான். இணைய வசதி எப்படி?

தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 2011 முதல் அலுவலகம் நடத்துகிறது. ஆகவே ஊருக்கு இணையம் புதிதல்ல. எந்த வீட்டுக்குப் போகப் போகிறீர்களோ அதற்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு முன் வாடகைக்கு இருக்கச் சொல்வது இதற்கும் பொருந்தும்.

அண்ணாநகரிலிருந்து: என் கணவர் இதய நோயாளி. மருத்துவ வசதி போதுமா?

இதை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். தென்காசியில் அரசுத் தலைமை மருத்துவமனை உண்டு. அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அது ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவு. அந்த நேரத்தைக் கணக்கில் கொண்டு முடிவெடுங்கள்.

தாம்பரத்திலிருந்து: நல்ல பள்ளி எது?

என் துறை அன்று. பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோரைக் கேளுங்கள்.

அம்பத்தூரிலிருந்து: மேக்கரை அருகே மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு விலைக்கு வருகிறது. தோப்பிலேயே சிறிய வீடு கட்டிக்கொண்டு இருக்கலாம் என்று ஆசை.

அழகான இடம்தான், அடவிநயினார் அணைப் பக்கம் மாலை நேரத்தில் நின்றால் யாருக்கும் அந்த ஆசை வரும். ஆனால் மேக்கரை, வடகரை, பண்பொழி ஆகிய ஊர்களின் தோப்புகளுக்கு யானைகள் வருவது அங்குள்ளவர்களுக்குப் பழகிப்போன செய்தி. ஓர் இரவில் தென்னையும் வாழையும் சாய்ந்து கிடக்கும். பன்றித் தொல்லை வேறு. அடுத்து, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் அந்தக் கிராமம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் தனி அனுமதி வேண்டும். தரகர் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்.

மடிப்பாக்கத்திலிருந்து: சிற்றூர் மக்கள் அன்பானவர்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. உடல்நலமில்லாமல் படுத்தால் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வரும்.

பெயர் குறிப்பிட விரும்பாத ஒருவர்: கஞ்சி யாருக்கு வரும் என்பதையும் சொல்லுங்கள், ஐயா. உங்கள் ஊரில் வீடு தேடியபோது முதலில் ‘சொந்த ஊர் எது’ என்றார்கள். அடுத்து ‘அங்கே எந்தத் தெரு’ என்றார்கள். தெருவின் பெயரைச் சொன்னதும் வீடு காலியில்லை என்றாகிவிட்டது.

நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பதுதான். இதை அறியாதவர் இந்த வட்டாரத்தில் எவரும் இல்லை. முந்தைய பதிலில் இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால்தான் அது முழுமையான பதிலாகும். அரசு ஊழியர்களும் வங்கி ஊழியர்களும் மாற்றலாகி வந்து குடியிருக்கும் நகராட்சிப் பகுதியின் புதிய நகர்களில், வெளியூர்க்காரருக்கு வாடகைக்கு விட்டுப் பழகிய உரிமையாளர்களிடம் இந்த விசாரணை குறைவு. அங்கிருந்து தேடத் தொடங்குங்கள் என்பதே என்னால் சொல்லக்கூடிய நடைமுறை வழி.

கீழப்பாவூரிலிருந்து: வந்தவர் யார் என்று விசாரிப்பது ஊர் வழக்கம். அதில் தீங்கு எதுவும் இல்லை. நீங்களே ஊரைக் குறை சொல்லலாமா?

வெறும் விசாரிப்பு என்றால், எந்தப் பதில் வந்தாலும் வீட்டுச் சாவி கைக்கு வர வேண்டும். ஒரு பதிலுக்குச் சாவியும் இன்னொரு பதிலுக்குக் கைவிரிப்பும் கிடைக்குமானால், அது விசாரிப்பு அன்று, விலக்கு. குறையைச் சொல்லாமல் மறைத்து ஆட்களை வரவழைக்க நான் மனை விற்பவன் இல்லை.

இலஞ்சியிலிருந்து: குறையை விடுங்கள். நீங்கள் இப்படி எழுத எழுத, வயல்கள் எல்லாம் மனையாகின்றன. வாங்கியவர்கள் வந்து குடியிருக்கவும் இல்லை. கல் நட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளால் சொந்த ஊரில் ஒரு சென்ட் வாங்க முடியவில்லை.

இதற்கு மறுப்பு சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. குளத்துப் பாசனத்தில் நெல் விளைந்த நஞ்சையில் கல் நட்டுவிட்டால், மடை அடைபட்டு அடுத்த வயலுக்கும் தண்ணீர் போகாது. வர விரும்புவோர் அருள்கூர்ந்து ஊருக்குள் இருக்கும் பழைய வீட்டை வாங்கிச் செப்பனிட்டுக்கொள்ளுங்கள். கிணறும் மின் இணைப்பும் தெருவிளக்கும் ஏற்கெனவே இருக்கும். அண்டை வீட்டாரும் இருப்பார்கள்.

போரூரிலிருந்து: செலவு எவ்வளவு குறையும்?

வாடகை குறையும், சாப்பாட்டுச் செலவும் ஓரளவு குறையும். சென்னையில் பிள்ளைகள் இருந்தால், போக்குவரத்து அந்த மிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பொதிகை விரைவு வண்டியில் ஓர் இரவுப் பயணம், அதுவும் இடம் கிடைத்தால். சொத்து வாங்குவோர் முத்திரைத்தீர்வை 7 விழுக்காட்டையும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காட்டையும் மறக்க வேண்டாம். 20 லட்சம் ரூபாய்ச் சொத்துக்கு இந்த இரண்டும் சேர்ந்து 1,80,000 ரூபாய் ஆகும்.

பல்லாவரத்திலிருந்து: குற்றாலம் அருகில் மனை வாங்கலாமா?

ஆவடி வாசகருக்கு எழுதிய பதிலைப் படிக்கவும்.

திருவள்ளூரிலிருந்து: கடையத்தில் மனை வாங்கலாமா?

ஊர்ப்பெயரை மாற்றிக் கேட்டாலும் பதில் அதுவே. ஓராண்டு வாடகைக்கு இருங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிந்துகொள்ளுங்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. “நம்ம பையன்தானே, எழுத்து எதற்கு?” என்று அன்பாகச் சொல்பவரிடமும் எழுதி வாங்குங்கள்.

குரோம்பேட்டையிலிருந்து: இவற்றையெல்லாம் இப்போதுதான் படிக்கிறேன். முன்பணம் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் பத்திரப்பதிவு. என்ன செய்வது?

முன்பணத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நாளையே எழுதி வாங்குங்கள். பிறகு மூலப்பத்திரங்களின் அசலையும், விற்பவரின் தந்தை இறந்திருந்தால் வாரிசுச் சான்றையும் கேளுங்கள். வாரிசுச் சான்றில் உள்ள பெண்களின் பெயர்களையும், பத்திரத்தில் கையெழுத்திடப் போகிறவர்களின் பெயர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பெயர் விடுபட்டிருந்தாலும் பதிவைத் தள்ளிப்போடுங்கள். பதிவு அலுவலகத்தில் வாங்கிய டோக்கன் வீணாகிறதே என்று தரகர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம்.