டிவி மெக்கானிக்கிடம் கேளுங்கள்

கேள்வி: லீவுக்கு வந்த பேரன், டிவியில் செருகியிருக்கும் ஃபயர் ஸ்டிக்கிலேயே ரிமோட்டை வைத்துக் கார் ஓட்டி விளையாடுகிறான். பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி வேண்டும் என்று அடமும் பிடிக்கிறான். “இனிமேல் எல்லாம் ஸ்டிக்கிலேயே வந்துவிடும், அந்தப் பெட்டிக்கெல்லாம் ஆயுசு முடிந்தது” என்கிறான் என் மகன். நிஜமா?
- ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, செலவைத் தள்ளிப்போட உங்கள் மகனுக்கு நல்ல காரணம் கிடைத்திருக்கிறது. ஆனால் பழைய காரணம். 2013-ல் ஊயா என்று 99 டாலருக்கு ஒரு குட்டி கேம் பெட்டி வந்தபோதே இப்படித்தான் பேசினார்கள். அடுத்த வருஷம் அமேசான் ஃபயர் டிவி, 2015-ல் கேம் ஆடும் ஆப்பிள் டிவி. ஊயா 2015-லேயே கைமாறிப் போனது. அதே 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4 பதினொரு கோடிப் பெட்டிக்கு மேல் விற்றது. 2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் அதையும் தாண்டிவிட்டது.

இடைப்பலகாரத்துக்குக் கந்தரப்பம் சாப்பிட்டவர் கல்யாணப் பந்தியை வேண்டாம் என்பாரா? பத்து நிமிஷம் ரிமோட்டைத் தட்டுகிறவர் வேறு, மாதக்கணக்கில் ஒரே கேமில் கிடக்கிறவர் வேறு. சாதாரண ஸ்டிக்கில் இடமே 8 ஜிபி. இன்றைய பெரிய கேம் ஒன்றுக்கே 100 ஜிபி வேண்டியிருக்கிறது. போனில் ஆடும் கேம்கள் உண்மையில் அடித்தது கையில் பிடித்து ஆடும் சின்னக் கருவிகளைத்தான். சோனியின் வீட்டா அப்படித்தான் படுத்தது.

பெட்டிக்கு ஆபத்து வந்தால் கிளவுட் பக்கமிருந்து வரும். கேம் எங்கோ ஒரு சர்வரில் ஓடும், படம் மட்டும் நம் டிவிக்கு வரும். இப்படி ஒன்றைக் கூகுள் ஸ்டேடியா என்று 2019-ல் தொடங்கி 2023 ஜனவரியில் கடையைச் சாத்தியது. ஆனாலும் 2024-ல் மைக்ரோசாஃப்டே தன் எக்ஸ்பாக்ஸ் பெட்டியின் கேம்களைச் சில நாடுகளில் ஃபயர் ஸ்டிக்கில் ஆடவிட்டது. பெட்டி விற்கிற கம்பெனியே இப்படிச் செய்வதைத்தான் நான் கவனிக்கிறேன்.

அதெல்லாம் நம்மூர் வீட்டில் நடக்குமா? மோடம் முகப்பில், டிவி இரண்டாங்கட்டில், நடுவே வைஃபையை மறிக்கும் அந்தக் காலத்துச் சுவர். பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் கார் திரும்பும். கேபிள் இழுக்கலாம், சரி. தேக்கு நிலையில் மட்டும் ஆணி அடிக்க விடாதீர்கள்.

பேரன் வருஷம் முழுக்க ஆடுவான் என்றால் வாங்கிக் கொடுங்கள், டிஸ்க் போடும் மாடலாக. புது கேம் ஒன்று ஐயாயிரம் ரூபாய் வரை போகிறது. டிஸ்க்காக இருந்தால் ஆடி முடித்ததும் விற்றுவிடலாம். லீவுக்கு மட்டும்தான் என்றால் ஸ்டிக்குக்கு ஒரு புளூடூத் கன்ட்ரோலர் போதும்.

கேள்வி: கேம் ஆடினால் ஸ்டிக் கொதிக்கிறதே?
- தேவகோட்டை வாசகர்

பதில்: டிவிக்குப் பின்னால் காற்றில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். டப்பாவிலேயே ஒரு சின்ன எச்டிஎம்ஐ வயர் கொடுத்திருப்பார்கள், பலர் அதைப் பிரிப்பதே இல்லை. அதில் மாட்டித் தொங்கவிடுங்கள்.